யார் படிக்க வேண்டும்? இனநீதி, தோழமை, கல்வி: ஓர் எளிய விளக்கம்

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவரின் கழுத்தை வெள்ளையினக் காவலர் ஒருவர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலால் அழுத்திக் கொன்றார். அடுத்த வாரம், ஜூன் 2 அன்று, உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கருப்புச் சதுரம் ஒன்றைப் பதிவிட்டு ஆதரவைத் தெரிவித்தனர். அந்தக் கொலையைக் கண்டித்துப் போராட்டம் எங்கே நடக்கிறது, கைதானவர்களுக்குச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற விவரங்களை எந்தக் குறிச்சொல்லின் கீழ் தேடிவந்தார்களோ, அதே குறிச்சொல்லின் கீழ் இந்தச் சதுரங்கள் வந்து குவிந்ததால், பயனுள்ள செய்திகள் அடியில் போய்விட்டன. தயவுசெய்து அந்தக் குறிச்சொல்லைப் போடாதீர்கள் என்று கருப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய இயக்கத்தினரே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. பதிவிட்டவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு என்ன தேவை என்று கேட்டறியாத நல்லெண்ணம் இடைஞ்சலாகவும் முடியலாம் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

இனநீதி, தோழமை, கல்வியால் சமூக மாற்றம் ஆகியவை இப்போது கல்லூரிக் கருத்தரங்குகளிலும் தன்னார்வ அமைப்புகளின் பயிற்சி முகாம்களிலும் அடிக்கடி காதில் விழுகின்றன. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு இவற்றை முதன்முறையாகக் கேட்பவருக்கு, இவை கடல் கடந்த நாட்டின் விவகாரமாகத் தோன்றலாம். அங்கே நடந்தவற்றை அந்த நாட்டின் வரலாற்றோடு வைத்துப் புரிந்துகொண்டு, பிறகு நம் மாவட்டத்தில் நடந்தவற்றின் பக்கம் திரும்பினால், இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி எதிர்ப்படும். சமூகம் மாற வேண்டுமானால் படிக்க வேண்டியவர் யார்?

இனநீதி

மனிதர்களிடையே தோல் நிறத்திலும் முடியிலும் முக அமைப்பிலும் வேறுபாடுகள் உண்டு. அவற்றைக் கொண்டு மனிதர்களைத் தனித்தனி இனங்களாகப் பிரித்து, ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று சொல்வதற்கு உயிரியலில் எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பிரிவினையைச் சட்டமும் சந்தையும் வழக்கமும் சேர்ந்து உண்டாக்கின. அமெரிக்காவில் 1865-இல் அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கும் கருப்பினத்தவருக்கும் தனித்தனி ரயில் பெட்டி இருக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில் பள்ளிக்கூடம், பேருந்து, உணவகம், குடிநீர்க் குழாய் எல்லாம் இரண்டிரண்டாயின. வசதி மட்டும் ஒருபோதும் சமமாக இருந்ததில்லை. 1954 மே 17 அன்று அதே நீதிமன்றம், பள்ளிகளில் பிரித்து வைப்பதே சமத்துவத்துக்கு எதிரானது என்று தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது.

சட்டம் மாறிய பிறகும் ஏன் சிக்கல் தீரவில்லை என்பதுதான் புதிதாகக் கற்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். 1930-களில் அமெரிக்காவின் கூட்டரசு வீட்டுக்கடன் அமைப்புகள் நகரங்களின் வரைபடத்தில் கருப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று வகைப்படுத்தின. கடன் கிடைக்காததால் அப்பகுதிகளில் வீட்டின் மதிப்பு ஏறவில்லை. அந்நாட்டில் பள்ளிக்கூடத்துக்கான நிதியில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. எனவே வீட்டு மதிப்புக் குறைந்த பகுதியில் பள்ளியும் ஏழைப் பள்ளியாகவே இருக்கும். அங்கே படித்த பிள்ளைக்கு நல்ல வேலை கிடைப்பது கடினம். நல்ல வேலை இல்லாதவர் மீண்டும் அதே பகுதியில்தான் வீடு பார்க்க முடியும். இந்தச் சங்கிலியில் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, கை நீட்டி அடிக்க வேண்டியதில்லை; அது தானாகச் சுழலும். இனநீதி என்பது தனிமனிதரின் வெறுப்பைக் களைவதோடு, வெறுப்பே இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும் இத்தகைய ஏற்பாடுகளைக் கண்டறிந்து சீர்செய்வதையும் குறிக்கும். முதல் பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது பாதிக்கு வரும்போதுதான் மேடையில் சலசலப்பு தொடங்கும்.

நம் நாட்டில் இதற்கு மிக நெருக்கமாக வருவது சாதி. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. சாதியமைப்பு இனங்களைப் பிரித்துவைத்த ஏற்பாடு என்ற கருத்தை அம்பேத்கரே ஏற்கவில்லை. தோல் நிறம் எட்ட இருந்தே தெரிந்துவிடும். சாதியைத் தெரிந்துகொள்ள ஊர் பெயரும் தெருப் பெயரும் கேட்க வேண்டும். ஆயினும் பிறப்பால் இழிவு, தொட்டால் தீட்டு, தனிக் குடியிருப்பு, கலப்புத் திருமணத்துக்கு எதிரான வன்முறை எனப் பல இடங்களில் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. இந்த ஒற்றுமையை நம் முன்னோடிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள். மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, கருப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தன்னலமின்றிப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அம்பேத்கர், கருப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கருப்பினத்தவர் அளிக்கும் மனுவின் பிரதியைக் கேட்டார். 1959-இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றபோது, அதன் தலைமையாசிரியர் “அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், உங்களைப் போன்ற தீண்டத்தகாதவர்” என்று பிள்ளைகளிடம் கிங்கை அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் அதிர்ச்சியடைந்து பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

தருமபுரி மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் ஒரு வழக்கு செய்தியானது. தோட்ட வேலைக்கு வந்த பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள் என்ற புகாரில், நிலத்துக்காரர் வீட்டுப் பெண்கள் இருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். 1955-லேயே தீண்டாமையைக் குற்றமாக்கிய நாட்டில், கையிலே செல்போன் இருக்கும் காலத்தில், டீக்குக் கொட்டாங்குச்சி. வெயிலில் களையெடுத்துக் களைத்து உட்காரும் நேரத்தில் கையில் தரப்படுவது டம்ளரா தேங்காய் ஓடா என்பதில் ஒரு முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. ஓசூர் பக்கம் வந்தால் வேறொரு முகம் தெரியும். சிப்காட் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, அசாம், வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கண்ணின் அமைப்பையும் பேச்சையும் வைத்து அவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுவதும், காணாமல் போன எதற்கும் அவர்களை முதலில் சந்தேகிப்பதும் நம்மிடையே இனப்பாகுபாடு இல்லை என்ற பெருமையைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டிய விஷயங்கள்.

தோழமை

அநீதியால் நேரடியாகப் பாதிக்கப்படாத ஒருவர், பாதிக்கப்பட்டவரோடு நின்று, தனக்கிருக்கும் பாதுகாப்பையும் செல்வாக்கையும் அந்தப் போராட்டத்துக்குப் பயன்படுத்துவதைத் தோழமை என்கிறோம். இரக்கத்திலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இரக்கப்படுகிறவருக்கு எந்தச் செலவும் இல்லை.

1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோசும் பதக்க மேடையில் காலணி இல்லாமல், கருப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தி நின்ற படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்தில் இரண்டாம் இடத்தில் நிற்கும் வெள்ளையர் பீட்டர் நார்மன், ஆஸ்திரேலியர். அவர் கையை உயர்த்தவில்லை. நெஞ்சில் மட்டும், மற்ற இருவரும் அணிந்திருந்த அதே மனித உரிமைச் சின்னம். மேடையேறும் முன்பு கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டது. கையுறை ஒரு ஜோடிதான் இருந்தபோது ஆளுக்கொன்றாக அணிந்துகொள்ளலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான் என்பார்கள். ஊர் திரும்பியபோது அவருக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. 1972 ஒலிம்பிக்குக்கு அவர் அனுப்பப்படவில்லை. காரணம் பற்றி இன்றும் வாதம் இருக்கிறது. 2006-இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் ஆஸ்திரேலியா சென்று சவப்பெட்டியைத் தோளில் சுமந்தனர். 2012-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் காலங்கடந்த மன்னிப்பைக் கோரியது. ஸ்மித்தும் கார்லோசும் படித்த சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் அந்தக் காட்சியைச் சிலையாக வடித்தபோது, தன் உருவம் வேண்டாம், பார்க்க வருகிறவர்கள் அந்த இடத்தில் ஏறி நிற்கட்டும் என்று நார்மனே சொல்லிவிட்டார். தோழமையைப் பற்றி ஒரு வகுப்பில் ஒரே ஓர் எடுத்துக்காட்டுதான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் சொல்வேன். போராட்டம் அவர்களுடையது, முட்டியும் அவர்களுடையது. அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, விலகிப்போகவும் இல்லை.

நம் மாவட்டத்தில் இதைவிட நீண்ட கதை இருக்கிறது. அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி, மலையாளி என்ற பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தனர். மக்களை அடித்து உதைத்தனர், வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தனர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூறு பேருக்கும் மேல் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அரசுத் தரப்பு முதலில் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும் ஊருக்குள் போய்ப் பார்த்து விவரத்தை வெளியே கொண்டுவந்தனர். அக்கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு உத்தரவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை நீதிமன்றம் அனைவரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தபோது, அவர்களில் 54 பேர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தனர். மீதமிருந்த 215 பேரில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் சென்று இடங்களைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். சம்பவத்திலிருந்து முப்பத்தோராம் ஆண்டு.

இந்த முப்பத்தோரு ஆண்டுகளில் தோழமைக்கு என்ன வேலை இருந்தது என்று யோசித்துப் பார்த்தால், புகைப்படம் எடுக்கத் தக்க வேலை மிகக் குறைவு என்பது தெரியும். வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏற்றி அழைத்துப் போக வேண்டும். அன்றைக்குக் கூலி போய்விடும் என்பதால் வீட்டுக்கு அரிசி பார்த்துக்கொடுக்க வேண்டும். அடையாள அணிவகுப்பில் குற்றவாளியைக் காட்டும்போது பயந்து பின்வாங்காமல் இருக்கத் துணை வேண்டும். வழக்கறிஞருக்கும் ஊருக்கும் இடையே செய்தி போய்வர வேண்டும். ஆனால் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்கள் அந்தப் பெண்கள். தங்களுக்காக மற்றவர் பேசுவதை அவர்கள் ஏற்கவில்லை. தாங்கள் பேசுவதற்கு வழி கிடைத்ததை ஏற்றுக்கொண்டார்கள். உண்மையான தோழமைக்கும் காட்சிக்கான தோழமைக்கும் வேறுபாடு கேட்டால், பத்தாவது ஆண்டில் யார் வருகிறார் என்று பார்த்தால் போதும். முதல் வாரத்தில் எல்லோரும்தான் வருவார்கள்.

தோழமைக்குள்ளேயே ஒரு கசப்பும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1964 கோடையில் கருப்பினத்தவரின் வாக்குரிமைக்காக மிசிசிப்பி மாநிலத்துக்கு வட மாநிலங்களிலிருந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர், சென்றனர். ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டனர். நாடே அதிர்ந்தது. அந்த மூவரைத் தேடும்போது வேறு கருப்பின இளைஞர்களின் உடல்களும் கிடைத்தன. அவர்கள் காணாமல் போனபோது யாரும் இப்படித் தேடவில்லை. மூவரில் இருவர் வெள்ளையர் என்பதால்தான் நாடு திரும்பிப் பார்த்தது என்று ஷ்வெர்னரின் மனைவியே வெளிப்படையாகச் சொன்னார். தோழராக வருகிறவரின் குரல் எளிதில் கேட்கப்படுகிறது என்பதே அந்தச் சமூகத்தின் அநீதிக்கு ஒரு சான்று. அந்தக் குரலைப் பயன்படுத்தும்போது இந்த உண்மையும் கூடவே நினைவிருக்க வேண்டும்.

எதிர்ப்பவரைவிட நடுநிலையாளரால் அதிகத் தாமதம் ஏற்படுகிறது என்று 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதினார். நியாயத்தைவிட ஒழுங்கை விரும்புகிற, உங்கள் நோக்கம் சரி, முறைதான் சரியில்லை என்று சொல்கிற வெள்ளை மிதவாதிகளைப் பற்றியது அவர் கவலை. இதைப் படிக்கும் தருமபுரிக்காரருக்கு வட்டாட்சியர் அலுவலகத்துச் சமாதானக் கூட்டம் நினைவுக்கு வராமல் போகாது. “ஊர் ஒற்றுமை கெடக்கூடாது, ரெண்டு பக்கமும் அனுசரிச்சுப் போங்க” என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் வாசகம். எந்தப் பக்கம் எத்தனை தலைமுறையாக அனுசரித்து வருகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய பட்டியல் சாதிக் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. எரிந்தவற்றில் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த பொருள்களும் இருந்தன. பிள்ளைகளின் புத்தகங்களும் படிப்புச் சான்றிதழ்களும் இருந்தன.

கல்வி

சான்றிதழை எரிக்கிறார்கள் என்றால், படிப்புக்கு ஏதோ வலிமை இருக்கிறது என்று எரிப்பவருக்கே தெரிந்திருக்கிறது. அந்த வலிமையை நாம் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே புரிந்துவைத்திருக்கிறோம். புறநானூற்றின் 183-ஆம் பாடலில் பாண்டியன் நெடுஞ்செழியன், நாற்பாலுள் கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பால் ஒருவனும் அவனிடம் சென்று பாடம் கேட்பான் என்கிறான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்வியைப் பிறப்புக்கு மேலாக வைத்த பாட்டு என்று மேடைதோறும் இதைப் பெருமையாகச் சொல்கிறோம்; பெருமை நியாயமானதே. ஆனால் மேல், கீழ் என்ற பிரிவை அந்தப் பாட்டு அப்படியே வைத்துக்கொள்கிறது. படித்து உயர வேண்டிய பொறுப்பு கீழே வைக்கப்பட்டவனுக்கு; மேலே இருப்பவன் பிறந்தபடியே இருக்கலாம், எதிரே ஓர் அறிஞன் வந்தால் கேட்டுக்கொள்வான். கல்வியால் சமூக மாற்றம் என்று இன்றுவரை நாம் பேசுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வி வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, கிருஷ்ணகிரியில் 71.46, தருமபுரியில் 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம் தருமபுரிக்கு. மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி எட்டாத தூரத்தில் இருக்கிறது. பஞ்சு மில்லுக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போகும் வழியோ பக்கத்திலேயே இருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளிகளும் விடுதிகளும் உதவித்தொகையும் இருப்பதால்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவாகிறார்கள். இதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆனால் வாச்சாத்தியின் 269 பேரை நினைத்துப் பாருங்கள். 155 பேர் வனத்துறை, 108 பேர் காவல்துறை, 6 பேர் வருவாய்த்துறை. அத்தனை பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள், அரசு வேலைக்குத் தேர்வானவர்கள். அவர்களில் இந்திய வனப் பணி அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு எதிராக நின்று வழக்கை வென்ற பெண்களில் பலருக்குப் பள்ளிப் படிப்பு வாய்த்ததில்லை. படித்தவன் பண்பாடு உள்ளவன் என்ற நம் நம்பிக்கை இந்த ஒரு வழக்கிலேயே உடைந்துபோகிறது. அந்த 269 பேருக்குக் கணக்கும் ஆங்கிலமும் சட்டப் பிரிவுகளும் சொல்லித் தந்த வகுப்பறைகளில், மலையில் வாழ்பவரும் தன்னைப் போன்ற குடிமகன் என்பது பாடமாக இருந்ததா? சலுகை பெற்ற பக்கம் என்ன படிக்கிறது என்பதைக் கேட்காமல், ஒடுக்கப்பட்ட பக்கம் எவ்வளவு படித்தது என்று மட்டும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தால், மாற்றம் பாதி வழியில் நின்றுவிடும்.

அமெரிக்காவில் இது ஒரு வகுப்பறையிலேயே தெரிந்தது. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில், ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கருப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் கூட்டரசுக் காவலர் புடைசூழச் சேர்ந்தாள். வெளியே கூட்டம் கூச்சலிட்டது. வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டனர். அவளுக்குப் பாடம் நடத்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை முன்வந்தார். ஓராண்டு முழுக்க ஒரே மாணவிக்கு, வகுப்பு நிறைந்திருப்பது போலவே அவர் பாடம் நடத்தினார். சிறுமி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். வெளியே நின்று கத்திய பெரியவர்களுக்குத்தான் அந்த ஆண்டு பாடம் தேவைப்பட்டது. அவர்களுக்கு வகுப்பறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 1964-இல் மிசிசிப்பியில் நடத்தப்பட்ட சுமார் 40 விடுதலைப் பள்ளிகள் இதற்கு ஒரு விடையைத் தேடின. அங்கே பிள்ளைகளுக்குக் கணக்கோடும் வாசிப்போடும், தங்கள் ஊரில் யாருக்கு எது இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கேள்வி கேட்கவும் பழக்கம் கொடுத்தார்கள். கற்பிக்க வந்த கல்லூரி மாணவர்களும், அதுவரை புத்தகத்தில் மட்டுமே படித்த ஒரு வாழ்க்கையை, கருப்பினக் குடும்பங்களின் வீட்டிலேயே தங்கி நேரில் கற்றுக்கொண்டார்கள்.

நம் பள்ளிகளில் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும் என்று அச்சிட்டிருக்கிறது. அதைத் திறந்து வைத்திருக்கும் அதே வகுப்பில், உதவித்தொகைப் படிவம் வந்தவுடன் “எஸ்சி பசங்கள்லாம் எந்திரிச்சு நில்லு” என்று கூப்பிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆசிரியருக்கு அதில் கெட்ட எண்ணம் இல்லாமலிருக்கலாம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுந்து நிற்கும் பிள்ளை அந்த ஒரு நிமிடத்தில் படிப்பது என்ன? உட்கார்ந்தபடி திரும்பிப் பார்க்கும் பிள்ளை படிப்பது என்ன? இரண்டு பிள்ளைகளும் அன்று ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் படிவத்தைக் கையில் கொடுத்திருந்தாலே அந்தப் பாடம் நடந்திருக்காது. கழிவறை கழுவவும் மைதானம் பெருக்கவும் யாரை அனுப்புகிறோம், வகுப்புத் தலைவன் எந்தத் தெருப் பையன், சத்துணவுக் கூடத்தில் யார் சமைத்தால் எந்த வீட்டுப் பிள்ளை டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறது என்பவையும் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாமல் நடக்கும் பாடங்களே.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக நியமிக்கக் கூடாது என்பன போன்ற பரிந்துரைகளைச் செய்தது. கயிற்றைப் பற்றித்தான் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. ஆனால் என் பார்வையில் தலைமையாசிரியர் பற்றிய பரிந்துரைதான் அதில் கனமானது. ஏனெனில் பள்ளிக்கூடம் யாருடைய ஊராக நடந்துகொள்கிறது என்ற கேள்வியை அது நேராகத் தொடுகிறது.

தொடங்கும் இடம்

புதிதாகக் கற்பவர் அடிக்கடி கேட்கும் கேள்வி: “நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லையே, நான் பேசலாமா?” தாராளமாகப் பேசலாம், ஆனால் பாதிக்கப்பட்டவர் இருக்கும் கூட்டத்தில் அவருக்கு முன்பாகப் பேச வேண்டியதில்லை, அவர் இல்லாத இடத்தில் பேசினால் போதும். அப்படிப்பட்ட இடங்கள் நம்மைச் சுற்றி நிறையவே இருக்கின்றன. ஓசூரில் வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கும் வீட்டுக்காரர் உங்கள் சித்தப்பாவாக இருக்கலாம். அவரிடம் அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். வீடு தேடி வந்தவர் அல்லர். கல்யாண வீட்டுப் பந்தியில், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், வடநாட்டுத் தொழிலாளியைப் பற்றி ஒரு வதந்தி சுற்றும்போது, சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வது முகநூலில் எழுதும் பத்துப் பதிவுகளைவிடக் கடினமானது. படிக்க வேண்டியதையும் நாமே தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வேதனையை எனக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்று உடன் வேலை செய்யும் தலித் நண்பரைக் கேட்பது அவருக்கு இன்னொரு வேலையைக் கொடுப்பதாகும். அம்பேத்கரின் எழுத்துகள் தமிழிலேயே படிக்கக் கிடைக்கின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது சாட்சி சொல்வது. வன்கொடுமை வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, சம்பவத்தைப் பார்த்த பிற சாதியினர் காவல் நிலையத்தில் சொன்னதைக் கூண்டில் மறுத்துப் பிறழ் சாட்சியாகிவிடுவது. ஊரைப் பகைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்ற பயம் பொய்யான பயம் அன்று. இதை உணர்ந்துதான் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், 15-ஏ பிரிவின் மூலம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு பெறும் உரிமையை எழுதிவைத்தது. மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை. தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்தவும் அதில் வழியுண்டு. 1995 விதிகளின்படி, விசாரணைக்கு வந்துபோகும் சாட்சிக்குப் பயணச் செலவும் அன்றாடப் படியும் உண்டு. பலருக்கு இது தெரியாததால் யாரும் கேட்பதில்லை, கேட்காததால் யாரும் கொடுப்பதில்லை. புகாரைக் காவல் நிலையத்தில் எடுக்கவில்லை என்றால் 14566 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்டு மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு அந்த மனுவை எழுதிக் கொடுக்க, பத்தாம் வகுப்பு படித்த எவராலும் முடியும்.